பீன்ஸ் குச்சி உயரத்துக்கு ஒரு வண்டி

எழுபதுகளில் எங்கள் வடகரப்பதிப் பக்கம் பிக்கப் வண்டி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று எழுத ஆசைதான். எழுதினால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள். இன்னும் சிலரும் வைத்திருந்தார்கள். அவர்கள் வண்டி ஓடியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னுடையது முன்பாதி ஜீப், பின்பாதி திறந்த தொட்டி. எத்தனை கை மாறி என்னிடம் வந்தது என்பது அதை விற்றவருக்கே தெரியவில்லை. தேங்காய், கடலைக்காய், புண்ணாக்கு மூட்டை என்று கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு மாட்டு வண்டி ஓட்டியவன் ஆகையால், பிரேக் போட வேண்டிய இடத்தில் வாய் முதலில் "ஹோ... ஹோ..." என்று சொல்லிவிடும். கால் அதற்குப் பிறகுதான் போகும். சில நாள் வண்டி வாய்ச்சொல்லுக்கே நின்றதும் உண்டு. பார்த்தால் பெட்ரோல் தீர்ந்திருக்கும்.

இந்த வண்டியை நம்பித்தான் எனக்குக் காந்தலூரில் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் உடுமலைப் பக்கத்திலிருந்து மலையேறிப் போய் பூண்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் வைத்துக் காலூன்றியவர்கள். மாப்பிள்ளை சொந்தமாக வண்டி வைத்திருக்கிறார் என்று யாரோ அவர்களிடம் சொல்லிவிட்டார்கள். மலையில் விளைந்ததைக் கீழே கொண்டுவர ஆயிற்று என்று பெண்ணின் அப்பா நினைத்திருக்கிறார். மாமனாருக்கு என் முகத்தைவிட என் வண்டியின் தொட்டிமேல்தான் முதலில் பிரியம் வந்தது. என் முகத்தைப் பார்த்தவர்கள் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

பெண் பார்க்க அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். காந்தலூர்க் கடைவீதிவரைக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து பெண் வீட்டுக்குப் போகும் மண் தடம் தைலமரக் காட்டுக்குள் ஏறுகிறது. மரம் ஏற்றும் லாரிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் சக்கரத் தடம் வாய்க்கால் மாதிரி ஆழமாக இறங்கி, நடுவில் மண் மேடு நிமிர்ந்து நின்றது. லாரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதன் சக்கரம் என் மார்பு உயரம். என் வண்டியின் பின்னச்சு நடுவில் இரும்புப் பூசணிக்காய் மாதிரி ஒன்று தொங்கும், டிபரன்ஷியல் என்பார்கள். ஒரு வளைவில், மேட்டுக்கு நடுவே முளைத்திருந்த பாறையில் அந்தப் பூசணிக்காய் போய் "டங்" என்று உட்கார்ந்தது.

அப்பா இறங்கினார். அம்மா தாம்பூலத் தட்டத்தோடு இறங்கினார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் மேலே நடந்தார்கள். நான் பட்டு வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். பெண்ணின் அப்பா என்னைத் தேடி வந்தபோது, கூடவே தண்ணீர்ச் சொம்போடு பெண்ணும் வந்திருக்கிறாள். ஆகவே என் வருங்கால மனைவி முதன்முதலாகப் பார்த்தது என் கால்கள் இரண்டை மட்டும்தான். "காலு நல்லாத்தான் இருந்துச்சு. சேரி, மேலயும் அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சு ஒத்துக்கிட்டேன்" என்று பின்னாளில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கறையோடு போய் உட்கார்ந்தேன். காபி வந்தது. பெண் பிடித்தது. பெண்ணுக்கும் கால்வரை பிடித்திருந்தது. தையில் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் ஒரே மனதாகச் சொன்னார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது.

எங்கள் குடும்பத்துக் கல்யாணம் எல்லாமே தோட்டத்துக் கோயில் முன்னால் பந்தல் போட்டுத்தான் நடக்கும். அப்பா அதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். பெண்ணின் அம்மாவுக்கோ இரண்டு முழங்காலும் பழுது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பார், களத்துமேட்டில் சமதளமாக இருந்தால் குச்சி ஊன்றி நடப்பார். படி என்று ஒன்று வந்தால் அங்கேயே நின்றுவிடுவார். வருடக்கணக்காக அவர் காந்தலூர்க் கடைவீதியைக்கூடப் பார்த்ததில்லை.

"லாரியில முன்னாடி உக்கார வெச்சுக் கூட்டியாந்தறலாமுங்க" என்றார் அப்பா.

"லாரி முன்சீட்டு எங்க இருக்குது, இவ காலு எங்க இருக்குதுங்க?" என்றார் பெண்ணின் அப்பா. "அத ஒருக்கா முயற்சி பண்ணிப் பாத்தமுங்க. பாதி ஏறி, ஏறவும் முடியாம எறங்கவும் முடியாம, அந்த டிரைவரு அளுதுட்டானுங்க."

"அப்ப ஒரு நாற்காலியில வெச்சு நாலு பேரு தூக்கியாந்தா?" என்று என் அம்மா மெதுவாகக் கேட்டார்.

உள்ளிருந்து குரல் வந்தது. "நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு இன்னும் நாளு இருக்குதுங்க சம்பந்தியம்மா. மகளோட கல்யாணத்துக்கு அந்தக் கோலத்துல வரமாட்டேன். நீங்க போயி நல்லபடியா பண்ணி வைங்க. நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்."

சொன்ன குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அப்போது கதவோரத்தில் நின்ற பெண் அவள் அப்பாவிடம் சொல்கிற மாதிரி எங்கள் எல்லோருக்கும் சொன்னாள்: "எங்கம்மா வராத பந்தல்ல நான் உக்கார மாட்டனுங்ப்பா."

என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்துவிடுவார் என்று பயந்துபோய், "அத்தெ, நானு வண்டிய உங்க வாசலுக்கே கொண்டாறனுங்க. நீங்க உக்காந்துட்டே வருலாமுங்க" என்று வாயைவிட்டேன்.

என் அப்பா என்னைப் பார்த்தார். வண்டி வழியில் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

"எப்பிடிங் மாப்ள?" என்றார் உள்ளிருந்து அத்தை.

"வண்டியத் தூக்கிப்போடறனுங்க" என்றேன். எதை, எப்படித் தூக்குவது என்று எனக்கே தெரியாது.

பொள்ளாச்சியில் வண்டிப் பட்டை வேலை பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. பட்டை என்றால் வில் மாதிரி வளைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தகடுகள். வண்டியின் பாரத்தை அச்சுக்கு மேலே தாங்கி நிற்பவை அவைதான். அந்த மேஸ்திரிக்கு என் வயதுதான். நான் எது சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"வண்டி ஒசரமாகோணும்" என்றேன்.

"எதுக்குங்ணா?"

மாமியாரை ஏற்ற என்று சொல்ல வாய் வரவில்லை. பட்டறையில் நாலு லாரிக்காரர்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். "லோடுக்குத்தான். மலையில இருந்து உருளைக்கெழங்கு எறக்கப்போறேன்" என்று கெத்தாகச் சொன்னேன்.

அவ்வளவுதான், மேஸ்திரி உருளைக்கிழங்குக்கு வேண்டிய வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டார். கூட இரண்டு பட்டை சேர்க்கலாம், வண்டி நிமிரும். ஆனால் லோடு இல்லாமல் ஓட்டினால் கல்லுக்குக் கல் தூக்கிப் போடும். எனக்கு உடனே அத்தையின் முழங்கால் நினைவு வந்தது. "அது வேண்டாம்" என்றேன். இருக்கிற பட்டையையே கழற்றி உலையில் காய்ச்சி, வளைவைக் கூட்டி அடித்துத் தரலாம், கொஞ்ச நாளில் பழையபடி படுத்துவிடும். "படுக்கறது நானே போதும், வண்டியும் எதுக்கு?" என்றேன். பீடிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் எனக்குப் புத்தி மங்கிவிடும்.

"டயரு பெருசாப் போடலாம்" என்றார் மேஸ்திரி. "ஆனா இந்த டயரு புதுசாட்டம் இருக்குது. லோடுக்கு அது தேவையில்லீங்ணா."

"அதானே. அதுல கை வைக்க வேண்டாம்."

"அப்பறம் ஒண்ணு இருக்குது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவால கட்டை வெச்சு, நீளமான யூ போல்ட்டுப் போட்டு இறுக்கறது. இரும்புக் கட்டை ஊத்தித்தான் எடுக்கோணும். நாளாகும்."

இங்கேதான் மாட்டு வண்டிக்காரன் என்னுள் எழுந்து நின்றான். எங்கள் ஊரில் மாட்டு வண்டி தாழ்வாக இருந்தால் அச்சுக்கட்டைமேல் வேலமரத் துண்டு வைத்துத் தூக்குவோம். பைதா என்கிற சக்கரம் ஆளுயரம் இருக்கும். அச்சு அதன் நடுவில் இருக்கும். அடியில் எதுவும் எதிலும் இடிக்காது. தூக்குவது என்றால் எங்களுக்கு மேலே இருப்பதைத் தூக்குவதுதான், வேறு அர்த்தமே கிடையாது. "இரும்பு எதுக்குங்க? வேலமரக் கட்டை நானே கொண்டாறேன். எங்க தாத்தன் காலத்து வண்டி அச்சே அதுதான்" என்றேன்.

மேஸ்திரி இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் சிரித்தார். "ஆடுமுங்ணா" என்றார்.

"ஆடுனா ஆடட்டும். அதுக்கும் ஒரு சந்தோசம் வேண்டாமா?"

நாலு மூலைக்கும் நாலு கட்டை. முன்பு முழங்காலுக்கு மேல் இருந்த தொட்டி இடுப்புக்கு வந்துவிட்டது. டிரைவர் சீட்டில் ஏற நானே கதவைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. வடகரப்பதியில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏண்டா, இதுல ஏறி என்ன, தேங்காய் பறிக்கப்போறயா?" என்றார். "கவலப் பள்ளத்த மூடுன்னு எத்தன நாளாச் சொல்றேன். அதுக்கு வண்டியில ரெண்டு நட மண்ணக் கொண்டாந்து கொட்டுனா அப்பவாவது ஒசந்துருப்பே, நீயும் ஒரு ஆளுன்னு."

எங்கள் கிணற்றில் மோட்டார் வைத்த பிறகு மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பது நின்றுபோயிருந்தது. மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கிப் போகும் சரிவும், அதன் கடைசியில் தொடையளவுப் பள்ளமும் அப்படியே கிடந்தன. அதை மண் போட்டு மூடும் வேலை என் பங்கு. மழைக்கு முன்னால் மூடுகிறேன் என்பேன், மழை வந்ததும் காயட்டும் என்பேன். மூன்று மழைக்காலம் அப்படியே போயிருந்தது. இப்போதும், "கல்யாணத்துக்குள்ள மூடிடறனுங்ப்பா" என்று சொல்லிவிட்டு மலைக்குக் கிளம்பினேன்.

சின்னாறு செக்போஸ்ட்டில் வண்டியைப் பார்த்த பாரஸ்ட் கார்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "எந்தா சேட்டா, இது வண்டியோ ஆனையோ?" என்றார். காட்டில் ஒரு யானை வழியை அடைத்து நிற்கிறது, இருட்டுவதற்குள் போய்விடு என்றும் சொன்னார். யானை என்னைப் பார்த்தால் சொந்தக்காரன் என்று விட்டுவிடும் என்று சொல்லிக் கிளம்பினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. என் குலதெய்வத்தை அன்று கூப்பிட்டதுபோல நான் கல்யாண மேடையிலும் கூப்பிடவில்லை.

காந்தலூர் தாண்டி, தைலமரக் காட்டுக்குள் நுழைந்து, அந்த வளைவுக்கு வந்தேன். பாறை எனக்காகக் காத்திருந்தது. "போடா, உன்னய இன்னைக்குத் தாண்டறேன்" என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

டங்.

அதே சத்தம், அதே இடம், அதே குலுங்கல். முன்பைவிட வேகமாக வந்ததால் இந்த முறை தலையும் கூரையில் இடித்தது. அது ஒன்றுதான் முன்னேற்றம்.

கீழே இறங்கி, மறுபடியும் அடியில் படுத்தேன். இடுக்கில் ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பாதையில் காலடிச் சத்தம். பீன்ஸ் கொடிக்கு நடுவதற்கு வெட்டிய குச்சிக் கட்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் அப்பா இன்னொரு கட்டோடு.

"மறுக்காவும் காலுதான் காட்டறீங்க" என்றாள்.

வெளியே வந்து, மூச்சு வாங்கியபடி, நாலு மூலைக்கும் கட்டை வைத்த கதையைச் சொன்னேன். அவள் குச்சிக் கட்டை இறக்கிவிட்டுக் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாறையைக் கைகாட்டினாள்.

"இந்தக் கறையப் பாருங்க. போனவாட்டி எண்ணெ பட்ட கறை. இப்பவும் அதுமேலதான் வந்து உக்காந்துருக்குது. ஒரு விரல்கட கூட மேல இல்லீங்க."

பார்த்தேன். பழைய கறையின்மேல் புதுக் கறை, பொட்டுமேல் பொட்டு வைத்த மாதிரி.

"நீங்க தூக்குனது மேலயுங்க. இடிக்கறது கீழ. இந்தப் பூசணிக்கா அச்சோட ஒட்டிக் கெடக்குது. அச்சு சக்கரத்தோட கெடக்குது. கட்டைய அதுக்கு மேலதான வெச்சுருக்கீங்க? நீங்க மேல எத்தன அடுக்கு வெச்சாலும் அது எப்பிடிங்க ஏறும்?"

 மாமனார் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு மரங்களை எண்ணுகிற மாதிரி நின்றார்.

"அதுவும் போகட்டும்" என்றாள் அவள். இடுப்பு உயரத் தொட்டியை நிமிர்ந்து பார்த்தாள். "வாசலுக்கே வந்துட்டீங்கன்னு வெச்சுக்கங்க. எங்கம்மா இதுல எப்பிடி ஏறுவாங்க? ஏணி வெப்பீங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம்வரைக்கும் அதை நான் நினைக்கவே இல்லை. ஒரு படிக்கு நின்றுவிடும் மாமியாரை ஏற்றுவதற்காக, எனக்கே ஏற முடியாத வண்டியைக் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைத் தனியாளாகச் செய்ய முடியும் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம் கைவிட்டுப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

சிரிப்பார்கள் என்று பார்த்தால், அவள் சிரிக்கவில்லை. "வாசலண்ட வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

அவர்கள் வீடு மலைச்சரிவில் அடுக்கு வயல்களுக்கு நடுவே ஓர் அடுக்கில் இருந்தது. முன்வாசல் சமதளம். அதன் ஓரத்தில் மண் சரியாமலிருக்கக் கல் அடுக்கிக் கட்டிய கட்டு. கட்டுக்குக் கீழே, அதை ஒட்டியே பாதை. அவள் பீன்ஸ் குச்சி ஒன்றை எடுத்து, பாதையில் நட்டமாக நிறுத்தி, கட்டின் விளிம்புக்கு நேராகக் கொடுவாளால் ஒரே வெட்டு. குச்சியை என் கையில் கொடுத்தாள்.

"வண்டித் தொட்டி இந்த ஒசரம் இருக்கட்டுமுங்க. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். கட்டோட ஒட்டி வண்டியப் பின்னால விட்டீங்கன்னா எங்கம்மா ஊட்டுல இருந்து நடந்து வந்து அப்பிடியே உள்ள போயிருவாங்க. பாறைக்கு என்ன பண்றதுன்னு நீங்க பாருங்க, வண்டிக்காரரு."

கதவோரத்தில் குச்சியை ஊன்றி நின்ற அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "மாப்ள, தலையில என்னுங்க வீங்கியிருக்குது? உள்ள வாங்க, நல்லெண்ணெ தடவலாம்" என்றார். ஆகாது என்று முடிவுகட்டிய மாதிரி அவர் பேசவே இல்லை. என்னுடைய மண்டைக்கு அன்று நல்லெண்ணெயைவிட அதுதான் இதமாக இருந்தது.

பீன்ஸ் குச்சியைப் பக்கத்து சீட்டில் படுக்கவைத்துப் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தேன். என் வயதுக்காரர்கள் வருங்கால மனைவி கொடுத்த கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்வார்கள். எனக்குக் குச்சி.

பட்டறையில் இறங்கியதும் மேஸ்திரி குச்சியைப் பார்த்தார். "அடிக்க வந்தீங்களாங்ணா?" என்றார்.

இந்த முறை எதையும் மறைக்கவில்லை. பீடிக்காரர்கள் முன்னாலேயே மாமியார், முழங்கால், பாறை, கறை, கட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பட்டறையே குலுங்கியது. சம்மட்டி அடிப்பவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மேஸ்திரி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத மொதல்லயே சொல்றதுக்கென்னுங்ணா! உருளைக்கெழங்குன்னீங்க, நானும் கெழங்குக்கே பண்ணீட்டேன். அடியில இருக்கறது மேல வரோணும்னா டயரு ஒண்ணுதான் வழி" என்றார்.

வேலமரக் கட்டை நாலும் வெளியே வந்தன. பெரிய டயர் நாலு மாட்டினோம். டயரோடு சேர்ந்து அச்சு உயர்ந்தது. பூசணிக்காயும் உயர்ந்தது. எவ்வளவு என்று கேட்டால் இரண்டு விரல்கடை, அவ்வளவுதான். "மீதி மேட்ட மம்பட்டி பாத்துக்கும். பாறைத் தலைய உளி பாத்துக்கும்" என்றார் மேஸ்திரி. தொட்டியை அளந்து பார்த்தால் குச்சிக்குக் கொஞ்சம் குறைந்தது. பின்பக்கம் மட்டும் ஒரு பட்டை சேர்த்தோம். இப்போது குச்சிக்கு மேலே போய்விட்டது.

"சும்மா நிக்கறப்ப அளந்தா எப்பிடிங்ணா?" என்றார் மேஸ்திரி. "ஆளு ஏறுனா எறங்குமில்ல? மாமியாரு எடை எவ்வளவு?"

"அதெப்படிங்க கேக்கறது? கேட்டா கல்யாணமே நின்னு போயிரும்."

"சும்மா ஒரு மதிப்புக்குச் சொல்லுங்க. புண்ணாக்கு மூட்டையா, கடலைக்கா மூட்டையா?"

பட்டறை முழுக்க இதில் கருத்துச் சொன்னது. கடைசியில் புண்ணாக்கு மூட்டை ஒன்று அத்தைக்கு, கடலைக்காய் மூட்டை ஒன்று மாமாவுக்கு, சீர்வரிசைக்கு இரண்டு செங்கல் கூடை, பெண்ணுக்குப் பட்டறையிலேயே ஒல்லியாக இருந்த பீடிக்காரர் என்று முடிவாயிற்று. எல்லாரும் ஏறினார்கள். பெண்ணாக உட்கார்ந்த பீடிக்காரர் துண்டால் முக்காடு போட்டுக்கொண்டார். வண்டி மெல்ல இறங்கி, தொட்டியின் விளிம்பு பீன்ஸ் குச்சியின் தலையைச் சரியாகத் தொட்டு நின்றது. பட்டறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தாலி கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில் மலையேறினேன். அந்த வளைவுக்கு வந்தபோது மாமனார் கையில் மண்வெட்டியோடு ஓரமாக நின்றார். நான் சொல்லியனுப்பியபடியே நடுமேட்டைச் சீவிவிட்டிருந்தார். பாறையின் தலையை உளியால் தட்டியிருந்தார். கறை போன இடம் தெரியவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஹோ... ஹோ..." என்றபடியே ஏறினேன். டங் கேட்கவில்லை. சக்கரத்தடியில் ஒரு சின்னக் கல் மட்டும் நகர்ந்தது. மாமனார் மண்வெட்டியைத் தூக்கி ஆட்டினார்.

கட்டோடு ஒட்டி வண்டியைப் பின்னால் விட்டேன். தொட்டியின் பின்கதவை இறக்கி, சீர்க்கூடைகளையும் மாமாவையும் முதலில் ஏற்றினேன். தொட்டிக்குள் பாய் விரித்து, நடுவில் கயிற்றால் கட்டிய நாற்காலி. அத்தை புதுப்புடவையில் வாசல் முழுக்க மெதுவாகக் குச்சி ஊன்றி நடந்து வந்தார். விளிம்பில் ஒரு நிமிடம் நின்றார். வாசலையும் தொட்டியையும் பார்த்தார். ஒரு கால் எடுத்து வைத்தார். அடுத்ததையும் வைத்தார். வண்டி அரை விரல்கடை இறங்கியது. அவ்வளவுதான்.

"அட, ஒரு அறையில இருந்து இன்னொரு அறைக்கு வந்தாப்புல இருக்குது" என்றார் அத்தை. பிறகு கட்டின்மேல் நின்ற மகளைப் பார்த்து, "வாடி, என்ன பாத்துட்டு நிக்கற? உன்ற கல்யாணத்துக்குத்தான் போறோம்" என்றார். அவள் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முக்காடு போட்ட பீடிக்காரரைவிட அவள் எடை குறைவு என்பதை அப்போதே கவனித்தேன். பின்னாளில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இறங்கும்போது அத்தை ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொன்றைக் கேட்டார். மறையூர் வந்ததா, அந்தப் பெரிய மரம் இருக்கிறதா, சின்னாற்றில் தண்ணீர் போகிறதா. செக்போஸ்ட்டில் அதே கார்டு வந்து, குட்டையாகிப்போன வண்டியையும் நடுவில் நாற்காலியில் வீற்றிருந்த அத்தையையும் பார்த்து, இந்த முறை ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டார். அத்தையும் கும்பிட்டார்.

உடுமலை, பொள்ளாச்சி தாண்டி, எங்கள் தோட்டத்து வழியில் திரும்பும்போதுதான் எனக்கு வேர்த்தது.

ஏறுவதற்கு எல்லாம் செய்தாயிற்று. இறங்குவதற்கு? எங்கள் ஊர் தட்டையான ஊர். அடுக்கும் இல்லை, கட்டும் இல்லை. பீன்ஸ் குச்சி உயரத்தில் அத்தையைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மகளின் கல்யாணத்தைத் தொட்டியிலிருந்தே பார்க்க வேண்டியதுதான். வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தேன். பந்தல் தெரிந்தது. பந்தலுக்குப் பக்கத்தில் கிணறு தெரிந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் நான் மூடாத கவலைப் பள்ளம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் விழுந்துவிடக் கூடாது என்று அதைச் சுற்றி ஓலைத் தடுப்பு கட்டி, அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஓலைத் தடுப்பைப் பிரித்தேன். சரிவில் வண்டியைப் பின்பக்கமாகவே மெல்ல மெல்ல இறக்கினேன். மாடுகள் இறங்கிய அதே தடம். கடைசியில் பின்கதவு போய்ப் பள்ளத்தின் மண்சுவரில் முட்டியது. தொட்டியும் தரையும் ஒரே மட்டம். குச்சி வைத்துப் பார்க்கவே வேண்டியதில்லை.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தார். குச்சியைத் தரையில் ஊன்றினார். எங்கள் தோட்டத்து மண்ணில் நடந்து, நேராகப் பந்தலைப் பார்த்துப் போனார். பந்தலில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். என் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

பாதி வழியில் அத்தை நின்று திரும்பி, வண்டி இறங்கி நிற்கிற பள்ளத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "மாப்ள, இதையும் எனக்கோசரமாவா வெட்டுனீங்க?" என்றார்.

எதிரில் அப்பா நின்றார். அவரைப் பார்க்காமல், "ஆமாங்க அத்தெ" என்றேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆமாங்க சம்பந்தியம்மா" என்றார் நிதானமாக. "மூணு வருசமா இதே வேலையாத்தான் இருந்தான்."

தொட்டியில் இன்னும் உட்கார்ந்திருந்த மணப்பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். புதுப் பட்டையும் அவளோடு சேர்ந்து கொஞ்சம் ஆடியது.